பை கிழிந்த புங்கன்

இன்றைக்கு முள்ளித்தண்டலம் பஸ் நிறுத்தத்தில் தனகோடி அக்காவைச் சந்தித்தேன். யார் அது என்று கேட்பீர்கள். உங்களைக் குறை சொல்ல முடியாது. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர் வைத்த மரத்தைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டில் வேறொருவர் பெயர் இருக்கிறது, மஞ்சள் பெயின்டில், கொட்டை எழுத்தில். அதைப் படித்துவிட்டு ‘ஆகா, எப்பேர்ப்பட்ட மனிதர்’ என்று போகிறவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உட்கார்ந்து இந்தப் பதிவை அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொரு அவசரமும் உண்டு. என் காலடியில் ஈரச் சாக்கு சுற்றிய செடி ஒன்று கிடக்கிறது. சாக்கு காய்வதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

காலையில் நானும் ஆபீஸ் நண்பன் ஷ்யாமும் பைக்கில் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்தோம். வழியில் பின் டயர் பஞ்சர். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்த நேரத்தில், மே மாத வெயிலுக்குப் பயந்து, எதிரே பஸ் நிறுத்தத்தில் இருந்த புங்க மரத்தடியில் போய் ஒதுங்கினோம். அங்கே ஜஹனாரா அக்காவின் நாஸ்தா வண்டி நிற்கிறது. இட்லி, வடகறி. சாப்பிட்டுக்கொண்டே ஷ்யாம் கூண்டிலிருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, “யாரோ புண்ணியவான் வெச்ச மரம்டா” என்றான்.

ஜஹனாரா அக்கா சிரித்த சிரிப்பில் கரண்டியிலிருந்த எண்ணெய் சொட்டியது.

“புண்ணியவானும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அது மிஸ்டேக்கு. தோ, அந்தம்மாதான் பண்ணிச்சு.”

மரத்தின் மறுபக்கம், கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் மண்ணை அள்ளி ரொப்பிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைக் கரண்டியால் காட்டினார்.

“ஏ ஜானா, ஒன் வட கருகுது பாரு மொதல்ல,” என்றார் அந்தப் பெண்மணி, தலையைத் தூக்காமல்.

அவர்தான் தனகோடி அக்கா. பஞ்சர் ஒட்டி முடிந்து வெகுநேரம் ஆகியும் நாங்கள் கிளம்பவில்லை. மாமல்லபுரம் போகவே இல்லை.

முள்ளித்தண்டலம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாலையின் இரண்டு பக்கமும் நர்சரி. அதற்குப் பின்னாலும் நர்சரி. பைகளில் குரோட்டன்ஸ், செம்பருத்தி, ஒட்டு மா, ரோஜா, தென்னங்கன்று. தனகோடி அக்கா கருங்குழியில் பிறந்தவர். தொண்ணூறாம் வருடம் லட்சுமணன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தார். அப்போது கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து குடும்பம் குடும்பமாக ஸ்கூட்டரில் வருவார்களாம். ஒரே ஒரு ரோஜாச் செடிக்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழிப்பார்களாம். அதற்குப் பிறகு நாவலூர் ஐ.டி. ஆட்கள் காரில் வர ஆரம்பித்தார்கள். அதாவது என் இனம். இலை கொட்டாத மரம் இருக்கிறதா, தண்ணீர் ஊற்ற வேண்டாத செடி எது, இப்படியெல்லாம் கேள்விகள். ஒருவர், பறவை வந்து உட்காராத மரமாகப் பார்த்துக் கொடுங்கள் என்றாராம். கார்மேல் எச்சம் விழுகிறதாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“பிளாஸ்டிக்ல கீது நைனா, பாத்திரக் கடையில விப்பான், போயி வாங்கிக்கோன்னேன். ரோசமா பூட்டாரு.”

நர்சரித் தெருவில் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி வாழ்ந்தார்களாமே என்று ஷ்யாம் எங்கேயோ படித்ததை எடுத்துவிட்டான். தனகோடி அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“குடும்பந்தான் தம்பி. பாகம் பிரிக்கிற அன்னிக்கு இருக்கும் பாரு, அந்தக் குடும்பம். என்கிட்ட ஒருத்தர் செடி வாங்கினு போனா, பக்கத்து நர்சரிக்காரி வண்டி வரைக்கும் கூடவே போயி, ‘அவங்க செடி பொயைக்காது சார்’னு சொல்லிட்டு வருவா. நானும் சொல்லுவேன். சும்மா வுடுவனா?”

இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. தெருவில் பாதி நிலம் பார்த்தசாரதி என்பவருடையது. ஏதோ ஆபீசில் வேலையை விட்டுவிட்டு வந்து, நிலம் வாங்கி, குத்தகைக்கு விட்டு, நர்சரி உரிமையாளர் சங்கத்துக்குத் தலைவரும் ஆகிவிட்டவர். வீட்டில் சாம்பார் கேட்கும்போதுகூட மேடைத் தமிழில்தான் கேட்பார் என்று ஜஹனாரா அக்கா சொல்கிறார். அவருடைய குத்தகையில் ஒரே ஒரு சட்டம். தரையில் எதையும் நடக் கூடாது. மரம் வேர் விட்டால் குத்தகைக்காரர் நாளைக்கு நிலத்தில் உரிமை கேட்பார் என்ற பயம். ஆகவே எல்லாமே பையில். பைக்குக் கீழே வேர் எட்டிப் பார்த்தால், பையைத் தூக்கி, வேரை நறுக்கி, வேறு இடத்தில் வைக்க வேண்டும். பை தூக்குவதும் வேர் நறுக்குவதும்தான் அக்காவின் வாழ்க்கை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊரே பச்சையாக இருக்கிறது. மாவட்டம் முழுவதும் நிற்கும் மரங்களில் எத்தனையோ இங்கிருந்து டெம்போ ஏறிப் போனவை. இவர்கள் மதியச் சோற்றை உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழல் இல்லை. கிழிந்த பச்சை வலைக்கு அடியில், செடிகளோடு செடியாகக் குந்திச் சாப்பிட்டார்கள்.

இப்போது விழாக்களுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் எனக்குக் கை பரபரக்கிறது.

தொண்ணூற்றாறில் செங்கல்பட்டிலிருந்து ஒரு நண்பர்கள் மன்றம் வந்து பஸ் நிறுத்தத்தில் மரம் நட்டது. செடி லட்சுமணன் அண்ணனுடையது, ஒரு புங்கன். மைக், மாலை, பொன்னாடை எல்லாம் உண்டு. மறுநாள் அந்தச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. அந்த வாரமே ஆடு மேய்ந்துவிட்டது. லட்சுமணன் அண்ணனுக்கு வயிறு எரிந்தது. அடுத்த வருடம் அவர்கள் மறுபடி வந்தபோது, செடியைப் பையோடு குழியில் இறக்கி, பையின் விளிம்பு தெரியாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். எல்லோரும் கைதட்டிவிட்டுப் போனதும் பையைப் பிடித்து மேலே இழுத்தார். செடி அலுங்காமல் வந்துவிட்டது.

அதுவரைக்கும் அதில் ஒரு நியாயம் இருந்தது. பிறகு அதுவே தொழிலானது. சங்கம், கட்சிக்காரர் பிறந்தநாள், பள்ளி ஆண்டுவிழா, எதுவாக இருந்தாலும் பஸ் நிறுத்தத்தில் அதே குழி. செடி வாடகைக்கு. எந்த வீடு அன்றைக்குச் செடி கொண்டுவந்து வைத்து எடுப்பது என்று தெருவில் முறை போட்டுக்கொண்டார்கள். யார் முறையானாலும், வாடகைக்குப் போனது பெரும்பாலும் லட்சுமணன் அண்ணனின் அந்த இரண்டாவது புங்கன்தான். அதற்கு ‘விழாப் புங்கன்’ என்றே பெயர். அது வளர்ந்துவிட்டால் கன்று மாதிரி இருக்காதே! ஆகவே ஒவ்வொரு விழாவுக்கும் முன்னால் அதன் தலையைக் கிள்ளிவிடுவார்கள். பழைய ஃபோட்டோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் மண்வெட்டி பிடித்திருக்கும் பெரிய மனிதர்களுக்கு நரைத்துக்கொண்டே போகும், தொப்பை இறங்கிக்கொண்டே போகும். செடி மட்டும் நேற்றுப் பிறந்ததுபோல நிற்கும். அடித்தண்டு மணிக்கட்டு கனம், மேலே நாலு இலை. அதைப் பார்த்துச் சந்தேகப்பட அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செடியை யார் பார்த்தார்கள்? கேமராவைப் பார்த்தார்கள்.

இரண்டாயிரத்து மூன்றிலிருந்து நாவலூர்க் கம்பெனி ஒன்று வர ஆரம்பித்தது. எங்கள் கம்பெனி இல்லை. எங்களுடையது வேறு ஊரில் போய் இதையே செய்கிறது. ஜூன் ஐந்தாம் தேதி, சுற்றுச்சூழல் தினத்தன்று, குளிர்சாதன பஸ் வந்து நிற்கும். பச்சை டி-ஷர்ட்டில் ஒரு படை இறங்கும். டி-ஷர்ட்டில் ‘வேர்களைக் காப்போம்’ என்று எழுதியிருக்கும். குழிக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு கிரானைட் கல்லும் நிறுத்தினார்கள், ‘இவ்விடத்தில் மரம் நடப்பட்டது’ என்று. வருடா வருடம் அந்தக் கல்லில் ஒரு வருடத்தைச் சேர்த்துச் செதுக்கினார்கள். கல்லுக்கு எதிரே மரம் இல்லாதது யார் கண்ணையும் உறுத்தவில்லை. கல்லை மட்டும்தான் பையில்லாமல் நட்டிருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஜூனில் முறை தனகோடி அக்காவின் வீட்டுக்கு வந்தது. லட்சுமணன் அண்ணன் மதுராந்தகத்துக்குத் தென்னங்கன்று ஏற்றிக்கொண்டு போயிருந்தார். இவர்கள் முறை வரும்போது குழியில் செடி இறக்குவது எப்போதும் அவர் வேலை. அன்றைக்கு விழாப் புங்கனை அக்கா இறக்க வேண்டியதாகிவிட்டது. கம்பெனி சார்பில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற விஷால் என்ற மேனேஜர் பின்னாலேயே நின்று அவசரப்படுத்தினார்.

“அக்கா, கொஞ்சம் ஃபாஸ்ட். பெரிய சார் வெயில்ல நிக்கிறார். லஞ்ச் வேற ரிசார்ட்ல சொல்லியிருக்கு.”

“இரு நைனா, இதான் கைல எடுத்துக்கீறேன்.”

அவ்வளவுதான். சின்னப் பையைக் கிழித்துப் பெரிய பைக்கு மாற்றி மாற்றிப் பதினாறு வருடம் பழகிய கை. செடி, குழி, இரண்டையும் பார்த்ததும் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டது. கட்டைவிரல் நகத்தால் பையைக் கிழித்து, சுருண்டு கிடந்த அடிவேரை உதறி, மண்ணில் உட்கார வைத்து, கிழிந்த பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டது. பெரிய சார் மண் தள்ளினார். கைதட்டினார்கள். பஸ் ரிசார்ட்டுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் செடியைத் திரும்ப எடுக்கப் போனார் அக்கா. விரலால் மண்ணைத் தோண்டிப் பை விளிம்பைத் தேடினார். இல்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினார். வேர்தான் விரலில் பட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு எழுந்தபோது இடுப்பில் ஏதோ சரசரத்ததாம்.

“நீங்களே உங்க இடுப்புல...” ஷ்யாமுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சிரி, சிரி. தெருவே சிரிச்சுது. நீ ஒருத்தன் பாக்கி.”

லட்சுமணன் அண்ணன் வந்ததும் கேட்ட முதல் கேள்வி இது. “இன்னாடி பண்ணிக்கினு வந்துக்கீற?” அதற்குப் பிறகு தெருவில் நடந்தால் போதும், ஒவ்வொரு நர்சரியிலிருந்தும் குரல் வரும். “தனகோடி, எங்க வூட்டுச் செடியயும் கொஞ்சம் நட்டுக் குடேன்.” “யக்கா, பாத்து! கை சும்மா கெடக்காதே ஒனக்கு!” செடி வளர்க்கிற ஊரில் செடியை நட்டுவிட்டார் என்று ஒரு பெண்மணியைக் கேலி பேசினார்கள். இதைத் தட்டச்சு செய்யும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பார்த்தசாரதி சங்கக் கூட்டம் கூட்டினார். அக்கா அவரை மாதிரியே குரலைக் கனமாக்கிப் பேசிக் காட்டினார். “அம்மா தனகோடி, இது சங்கத்தின் பொதுக் குழி. அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் அதனைக் காலி செய்து தர வேண்டியது தங்கள் பொறுப்பு.”

“அப்பவே ஏன் பிடுங்கலை?” என்று கேட்டேன்.

“எதுக்குப் புடுங்கணும்? ஆடு துன்னுட்டுப் போவும்னு வுட்டுட்டேன். அந்தச் சனியன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல எனக்கு.”

ஆடு தின்னவில்லை. காரணம் ஜஹனாரா அக்கா. வண்டியின் மேற்குப் பக்கம் வெயில் சுட்டெரிக்கிறது, ஒரு மரம் வந்தால் நல்லது என்று கணக்குப் போட்டு, கருவேல முள்ளை வெட்டிச் செடியைச் சுற்றிப் போட்டார். பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் அடியிலேயே கொட்டினார். “நான் ஒண்ணும் பாசத்துல பண்ணல தம்பி, தார்ப்பாய் வாங்கக் காசு மிச்சம்” என்கிறார். தலை கிள்ளிக் கிள்ளிக் குட்டையாகவே வைத்திருந்த செடி தரையைத் தொட்டதும் வெறி பிடித்ததுபோல வளர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஆள் உயரம்.

அப்போது ஒரு நாள். அக்காவும் லட்சுமணன் அண்ணனும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பேசிக்கொண்டே இருந்த அண்ணனின் கை தானாகப் போய், முள்ளைத் தாண்டி, நுனிக் கொழுந்தைப் பிடித்தது. வருடக்கணக்காகக் கிள்ளிய கை அது. அக்கா படாரென்று அந்தக் கையில் ஓர் அடி போட்டார்.

“கைய எடுய்யா!”

“இன்னாடி, அடிக்கிற?”

“அது வளரட்டும். நீ எடு கைய.”

சொன்ன பிறகுதான் அவருக்கே திக்கென்று ஆனதாம். இத்தனை வருடத்தில் அவர் கை தொட்ட ஒரு செடியாவது மரமாகி அவர் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் பையோடு வண்டி ஏறிப் போனவை. இது ஒன்றுதான் தரையில் நிற்கிறது. அதுவும் தவறி.

“அக்கா, அப்ப இது உங்க குழந்தை மாதிரி” என்றேன்.

“போபா! கொயந்தைன்னா சோறு கேக்கும், ஃபீசு கேக்கும். இது மரம். மரமா இருந்தா போதும்.”

ஷ்யாம் என்னைப் பார்த்து ‘தேவையா உனக்கு’ என்பதுபோலத் தலையாட்டினான்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் பார்த்தசாரதி ஆள் விட்டு அழைத்தார். மரம் அப்படியே நிற்கிறது, கம்பெனிக்காரர்கள் வரப்போகிறார்கள், கல்லுக்கு எதிரே குழி இல்லாமல் எங்கே நடுவார்கள்? இந்த முறை மேடைத் தமிழில் சுற்றி வளைக்கவில்லையாம். ஒன்று குழியைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் நிலத்தைக் காலி செய்ய வேண்டும். இரண்டில் ஒன்று.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை ஜஹனாரா அக்காதான் சொன்னார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டதாம்.

“ஒரு மரத்துக்காக என்னத் தெருவுல நிக்கச் சொல்றியா நீ?” என்று லட்சுமணன் அண்ணன் கத்தினாராம்.

“தெருவுல நின்னாலும் நெயல்ல நிக்கலாம்யா. இப்ப எங்க நிக்கிற?”

லட்சுமணன் அண்ணனையும் நான் குறை சொல்ல மாட்டேன். போர்வெல் தண்ணீர், பைகள், பதியன்கள், எல்லாம் அந்த நிலத்தில்தான். நிலம் போனால் பிழைப்பு போயிற்று. ஒரு மரமா, ஒரு பிழைப்பா? நாமெல்லாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியும். நாலு பேரிடம் கருத்துக் கேட்டு, மரத்துக்கு ஓர் அஞ்சலி எழுதி, பிடுங்கியிருப்போம்.

ஜூன் ஐந்தாம் தேதி காலை, பார்த்தசாரதி தன் ஆள் சின்னையனைக் கடப்பாரையோடு அனுப்பினார். அக்கா முள்ளை விலக்கிவிட்டு மரத்தில் முதுகு சாய்த்து நின்றுகொண்டார். சின்னையன் கெஞ்சினார். “யம்மா, எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? நகரு, ரெண்டே குத்து.”

“குத்து. என் கால்ல குத்திட்டு அப்பால குத்து.”

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. பச்சைப் படை இறங்கியது. ‘மாபெரும் மரம் நடு விழா’ பேனரைப் பிடித்துக்கொண்டு வந்த விஷால், கல்லைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“என்ன சார் இது? குழி எங்க?” என்று, வரவேற்க வந்து நின்ற பார்த்தசாரதியைக் கேட்டார்.

அக்கா சின்னையன் கையிலிருந்த கடப்பாரையைப் பிடுங்கினார். விஷாலிடம் நீட்டினார்.

“குயியிலதான் நின்னுகினு கீது. போன வருசம் நீங்க நட்டதுதான். அந்தப் பெரிய சார் மண்ணு தள்ளுனாரே, அதே செடி. இப்ப அத்தப் புடுங்கினாத்தான் ஒங்களுக்கு எடம். யார் புடுங்குறீங்க? வாங்க. ஒங்க கையால புடுங்கிட்டு, அதே குயியில புச்சா ஒண்ணு நடுங்க. ஃபோட்டோகாரரே, இத்தயும் எடுங்க.”

ஒருவரும் அசையவில்லை. டி-ஷர்ட்டிலிருந்த ‘வேர்களைக் காப்போம்’ மட்டும் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. அப்போது கூட்டத்திலிருந்து சங்கரி என்ற பெண் முன்னால் வந்து இலையைத் தொட்டுப் பார்த்து, “ஐயோ! நாம வெச்சது உயிரோட இருக்கா?” என்றாளாம். வாய் பிளந்து நிற்கிறாளாம். மரம் நட வந்தவர்களுக்கு, நட்டது உயிரோடிருப்பது உலக அதிசயம்! இந்த இடத்தைச் சொல்லும்போது அக்காவும் ஜஹனாராவும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

விஷால் தள்ளிப் போய் ஃபோனில் பேசினார். திரும்பி வந்து ஒரு பச்சை மார்க்கர் கேட்டார். பேனரில் ‘நடு’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘பராமரிப்பு’ என்று எழுதினார். அவ்வளவுதான், விழா மாறிவிட்டது. மண்வெட்டிக்குப் பதில் வாளி. ஆளுக்கு ஒரு வாளி ஊற்றி ஃபோட்டோ எடுத்துக்கொண்டதில் மரத்தடி குளமாகி, ஜஹனாரா அக்காவின் அடுப்பு அணைந்து போனது. கல்லில் இன்னொரு வருடம் ஏறியது.

பார்த்தசாரதியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். சின்னையனைக் கடப்பாரையோடு வண்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “இம்மரத்தை நம் சங்கம் கண்ணை இமை காப்பதுபோல் காத்து வந்திருக்கிறது” என்றார். கம்பெனிக்காரர்கள் நெகிழ்ந்து ஓர் இரும்புக் கூண்டு போட்டுக் கொடுத்தார்கள். கூண்டில் யார் பெயர் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அடுத்த மாதமே பார்த்தசாரதி அக்காவின் குத்தகையை முடித்துவிட்டார். நிலம் வேறு உபயோகத்துக்கு வேண்டும் என்றார். இன்றைக்கு அங்கே கொடி கட்டி, கல் நட்டு, மனை போட்டிருக்கிறார்கள். நுழைவு வளைவில் ‘பசுமை நகர்’ என்று எழுதியிருக்கிறது. மனை வாங்கினால் ஒரு மரக்கன்று இலவசம். பையோடு. நர்சரித் தெருவும் சும்மா இல்லை. பார்த்தசாரதியின் வாசலில் புதுக் குழி வெட்டியாகிவிட்டது, புது விழாச் செடி ஒன்று தலை கிள்ளப்பட்டு ஜூன் ஐந்துக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஒரு வீடுகூட தனகோடி அக்காவுக்காகப் பேசவில்லை. ஒரே குடும்பம்!

அக்கா இப்போது அந்தப் புங்க மரத்தடியில், ஜஹனாராவின் வண்டிக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் பைகளை அடுக்கி வைத்து விற்கிறார். தண்ணீர் குழாயடியிலிருந்து குடத்தில் வருகிறது. லட்சுமணன் அண்ணன் வேறொரு நர்சரிக்கு டெம்போ ஓட்டுகிறார், மதியம் சாப்பிட மட்டும் இங்கே வந்துவிடுகிறார்.

“வருத்தமா இருக்காக்கா?” என்று கேட்டேன்.

“பின்ன? ரோட்டோரத்துல எவ்ளோ பை வெக்க முடியும்? ரெண்டு தபா பஞ்சாயத்துலருந்து வந்து கத்திட்டுப் போனாங்க. மய பேஞ்சா பாதி அயுகிப் பூடுது. வருத்தம் இல்லாம இன்னா?”

இதைச் சொல்லும்போது அவர் மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து பூ உதிர்ந்து கூந்தலில் விழுந்திருந்தது. தட்டிவிடவில்லை.

கிளம்பும்போது ஒரு செடி வேண்டும் என்றேன். சும்மா இருக்க முடியாமல் கேட்டது. அக்கா ஒரு புங்கங்கன்றை எடுத்தார். நான் கையை நீட்டுவதற்குள் சரக்கென்று பையைக் கிழித்துவிட்டார்! வேரோடு இருந்த மண்ணை ஈரச் சாக்கில் சுற்றி, சணலால் கட்டி, ஷ்யாமின் மடியில் வைத்தார்.

“ஐயோ, பை?” என்றேன்.

“பையோட குடுத்தா பால்கனியில வெச்சுட்டு மறந்துடுவீங்க. ஒங்க ஆளுங்களத் தெரியாதா எனக்கு? இப்ப எங்கியாவது நட்டே ஆவணும். இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு. அதுக்கு மேல தாங்காது.”

இரண்டு வருடமாக இப்படித்தான் விற்கிறாராம். பலர் சண்டை போட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள். போகட்டும் என்கிறார்.

வந்ததும் எங்கள் அபார்ட்மென்ட் செக்ரட்டரியிடம் கேட்டேன். “மண்ணுல எதுவும் வைக்கக் கூடாது சார், கீழ பைப் லைன் போகுது. வேணும்னா தொட்டியில வெச்சுக்கோங்க” என்றார். ஷ்யாம் வாடகை வீட்டில் இருக்கிறான். ஆபீசில் புல்தரை உண்டு, ஆனால் அதற்கு மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்குள் இது செத்துவிடும்.

ஆகவே கேட்கிறேன். நாவலூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் யாருக்காவது சொந்தமாக ஒரு முழம் தரை இருக்கிறதா? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், நானே கடப்பாரையோடு வந்து நட்டுவிட்டுப் போகிறேன். உங்களிடம் இல்லையென்றால், இருப்பவர்களுக்கு இதை அனுப்புங்கள். பச்சை டி-ஷர்ட் போட்ட நண்பர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு முதலில் அனுப்புங்கள். மாமல்லபுரம் போகிறவர்கள் முள்ளித்தண்டலத்தில் இறங்குங்கள். கூண்டிலிருக்கிற பெயரைப் படிக்காதீர்கள். வடகறி சாப்பிடுங்கள், மறுபக்கம் போய் ஒரு செடி கேளுங்கள். பையைக் கிழித்துத்தான் தருவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள். சாக்கு இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.